தலைமாட்டுத் துப்பாக்கியும் ராமேசுவரத்துக் கழுவாயும்

ராவணனைக் கொன்றது தவறு என்று சொல்பவர்களைக் காண்பது அரிது. பிறன் மனைவியைத் தூக்கிச் சென்றவன், தூது வந்த பிறகும் திருப்பித் தராதவன், உடன்பிறந்த தம்பி எடுத்துச் சொல்லியும் கேளாதவன். தன் வீட்டைக் காக்க ஒருவன் ஆயுதம் எடுப்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை நம் கதைகளில் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் ராமேசுவரத்தின் தலபுராணம் வெற்றியோடு கதையை முடித்துவிடவில்லை. சீதையோடு திரும்பிய ராமன், ராவணனைக் கொன்றதால் வந்த பிரம்மஹத்தி தோஷம் நீங்க அந்தக் கடற்கரையில் சிவனை வழிபட்டான் என்கிறது. லிங்கம் கொண்டுவரக் கைலாயம் போன அனுமன் வரத் தாமதமாக, சீதை மணலால் பிடித்த லிங்கமே ராமநாதராக நிலைத்தது என்பது கதையின் மீதி. நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ வருகிறவர்கள் பரமக்குடியைக் கடந்து, பாம்பனைத் தாண்டிப் போய் 22 தீர்த்தங்களில் நீராடுகிறார்களே, அந்தக் கோயில் ஒரு நியாயமான கொலைக்கான கழுவாயாகவே தன் பிறப்பைச் சொல்லிக்கொள்கிறது. இதன் கனத்தை நாம் போதுமான அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை. செய்தது சரி; இருந்தும் பட்ட கறை கறைதான். ஒன்றின் வரவை வைத்து மற்றதன் பற்றை அடைக்க முடியாது. வீட்டுக் காவலுக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது அறமா என்ற கேள்வியை இந்த இடத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கேள்வி இன்று எழும் வடிவங்களில் ஒன்று சற்று வினோதமானது. 1836-இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கியின் வழிவந்த பழைய மாதிரிகளை, 1851-இன் கோல்ட் நேவி, 1860-இன் கோல்ட் ஆர்மி போன்றவற்றை, இத்தாலியத் தொழிற்சாலைகள் இன்றும் அச்சு அசலாகச் செய்து விற்கின்றன. இவற்றுக்குத் தோட்டா கிடையாது. ஒவ்வோர் அறையிலும் கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை அழுத்தி, பின்பக்கம் சின்னஞ்சிறு கேப்பு பொருத்த வேண்டும். 1968-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம், 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றையும் இப்படிப்பட்ட நகல்களையும் துப்பாக்கி என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. மாநிலச் சட்டம் தடுக்காத இடங்களில் பின்னணி விசாரணை இல்லாமலே வாங்கிவிடலாம் என்பதால், வீட்டுக் காவலுக்கு இதுவே போதும் என்று வாதிடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்தியாவில் அந்தச் சந்து இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு விலக்குத் தருகிறது, ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருந்தால் மட்டும்தான். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்போடு சேர்த்துப் பேசுகிறது. காட்டுப்பன்றிக்கு எதிரே வைத்துத்தான் சட்டம் அதை நினைத்துப் பார்த்திருக்கிறது. ஆனால் சட்டம் எப்படி இருந்தாலும் மனப்பாங்கு ஒன்றுதான். பழைய காலத்து நாட்டுத் துப்பாக்கி, ஒரு தடவை வெடித்தால் மறுபடி கெட்டிக்க நேரமாகும், இதனால் என்ன பெரிய தீங்கு வந்துவிடப் போகிறது, திருடனைப் பயமுறுத்தத்தானே என்ற பேச்சுக்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை.

அந்தப் பேச்சு மந்தத்தை மென்மை என்று எடுத்துக்கொள்கிறது. கருமருந்துத் துப்பாக்கியின் மந்தத்தன்மை உண்மையில் எங்கே போய் உட்காருகிறது என்று பாருங்கள். கதவை யாரோ உடைக்கும்போது எழுந்து, விளக்கைப் போட்டு, அறை அறையாக மருந்தும் குண்டும் கேப்பும் போட்டுக்கொண்டிருக்க எவராலும் முடியாது. ஆகவே அது முன்கூட்டியே கெட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். இன்று மாலை கெட்டித்து, நாளையும், மறுநாளும், மாதக் கணக்கிலும் தலைமாட்டில் காத்திருக்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் மருந்து கெடும் என்பதால் அவ்வப்போது சுட்டுத் தீர்த்துவிட்டு, கரிக்கசடைக் கழுவித் துடைத்து, மறுபடி கெட்டிக்கவும் வேண்டும். அதாவது, வராத ஒருவனைக் கொல்வதற்கான ஏற்பாடு அந்த வீட்டின் நித்தியப் பராமரிப்பில் ஒன்றாகிறது. கணநேரத்து முடிவு என்று நாம் நினைத்துக்கொள்வது, நிதானமாக, பகல் வெளிச்சத்தில், துணியும் எண்ணெயும் கையில் வைத்துக்கொண்டு எடுத்த முடிவாகிறது. மதுரையைச் சுற்றிய குன்றுகளில் படுக்கைகள் வெட்டிக்கொண்டு தங்கிய சமணர்களின் மரபு இம்சையை வகை பிரித்துப் பார்த்தது. உழவிலும் சமையலிலும் தவிர்க்க முடியாமல் நேர்வது ஒன்று, தாக்க வந்தவனைத் தடுக்கும்போது நேரும் விரோதி இம்சை ஒன்று, மனத்தில் தீர்மானித்துச் செய்யும் சங்கல்ப இம்சை ஒன்று. இல்லறத்தான் முழுவதுமாக விலக்க வேண்டியது சங்கல்பத்தை மட்டுமே; மற்றவற்றை இயன்றவரை குறைத்தால் போதும். உலகிலேயே கடுமையான கொல்லாமை நெறிகூட வீட்டைக் காக்கும் மனிதனுக்கு இவ்வளவு இடம் விட்டது. ஆனால் அந்த இடம் எதிர்த்து நிற்பதற்கு விடப்பட்ட இடம். மாதக் கணக்கில் கெட்டித்து வைத்த குண்டை அந்த இடத்துக்குள் நுழைத்துவிட முடியுமா? விரோதி இம்சை என்று பெயரிட்டுச் சங்கல்பத்தைத்தான் அங்கே வளர்க்கிறோம்.

இதற்கு முதல் மறுப்பு சட்டத்திலிருந்தே வரும். தற்காப்பு உரிமை என்பது யாரும் போட்ட பிச்சை இல்லை. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தெளிவாக இருக்கிறது. புதிய சட்டத்தில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதற்கென்றே உள்ளவை. அந்தி சாய்ந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைபவனை, வேறு வழியில்லாத நிலையில், உயிர் போகும் அளவுக்கு எதிர்க்கக்கூட 41-ஆம் பிரிவு இடம் தருகிறது. உரிமை இருக்கும்போது அதற்கான கருவி மட்டும் எப்படிப் பாவமாகும் என்று கேட்கலாம். உரிமையை நான் மறுக்கவில்லை; மனைவி மக்களைத் தாக்க வருகிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அறம் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் அந்தப் பிரிவுகளின் வரம்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் கூடாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமையே இல்லை. எதிரே உள்ளவன் என்ன செய்கிறான் என்பதைப் பார்த்துத்தான் அந்த உரிமையின் அளவு ஏறி இறங்குகிறது. கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் நூற்றாண்டுகளாகப் பயிலப்படும் இஸ்லாமியச் சட்ட மரபும் இதையே வேறு வழியில் சொல்கிறது. தன் பொருளைக் காக்கும் போராட்டத்தில் கொல்லப்படுபவர் ஷஹீத், அதாவது உயிர்த்தியாகி, என்று நபிமொழி மதிக்கிறது. அதே சமயம், தாக்க வந்தவனை எளியதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகவே தடுக்க வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் வகுத்திருக்கிறார்கள். அதட்டினால் ஓடுகிறவனை அடிக்கக் கூடாது, அடித்தால் ஓடுகிறவனை வெட்டக் கூடாது. துப்பாக்கிக்கு இந்தப் படிகள் இல்லை. அதிலும் கருமருந்துக் கைத்துப்பாக்கி முதல் வெடியிலேயே அறையைப் புகையால் நிறைத்துவிடும்; இரண்டாவது குண்டை எங்கே செலுத்துகிறோம் என்று சுடுகிறவருக்கே தெரியாது. படிப்படியாக ஏறு என்று சொல்லும் அறத்துக்கு, ஒரே ஒரு படி மட்டும் உள்ள ஏணியை எடுத்துக்கொடுத்துவிட்டு அறத்தைக் கடைப்பிடித்ததாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ராமேசுவரக் கதையை நீ வசதிக்கு வளைக்கிறாய். ராமனுக்குத் தோஷம் வந்தது கொன்றதால் அல்ல, புலஸ்தியரின் வம்சத்தில் வந்த பிராமணனைக் கொன்றதால். வாலியைக் கொன்றதற்கும் அரக்கர் படையைக் கொன்றதற்கும் யார் லிங்கம் பிடித்து வைத்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நேர்மையானது, மழுப்பக் கூடாது. தலபுராணம் உயிர்களைத் தட்டில் வைத்து வெவ்வேறு எடை போட்ட காலத்தின் மொழியில்தான் பேசுகிறது. அந்த எடைக்கல்லை இன்று நாம் ஏற்க முடியாது. ஆனால் அதைத் தூக்கி எறிந்த பிறகு மிஞ்சுவது என்ன என்று பார்த்தால் இரண்டே வழிகள்தான். எந்த உயிருக்கும் கழுவாய் தேவையில்லை என்பது ஒன்று. எல்லா உயிருக்கும் தேவை என்பது மற்றொன்று. எதிரி எவ்வளவு பாவியாக இருந்தாலும் அவன் பாவம் உன் கையைக் கழுவாது என்ற நுட்பத்தைக் கண்டுபிடித்த மரபு அது. அந்த நுட்பத்தை வைத்துக்கொண்டு, யாருக்கு அது பொருந்தும் என்ற வேலியை மட்டும் உடைப்பதே நமக்கு உகந்த வழி. பரமக்குடியில் இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 1957 செப்டம்பர் 11 இரவு தலித் தலைவர் இமானுவேல் சேகரன் இந்த ஊரில்தான் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த முதுகுளத்தூர்ச் சாதிக் கலவரத்தில் பல உயிர்கள் போயின. கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டார்கள். 2011-இல் அதே செப்டம்பர் 11 அன்று, அவருடைய நினைவு நாளில், பரமக்குடியில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். எந்த உயிருக்குக் கணக்கு உண்டு, எந்த உயிருக்கு இல்லை என்று தரம் பிரித்துப் பார்க்கும் பழக்கம் என்ன விலை கேட்கும் என்பதை இந்த மண் அறிந்த அளவுக்குப் பிற ஊர்கள் அறிந்திருக்காது. இங்கே ஒரு வீட்டுக்குள் துப்பாக்கி வாங்கி வைக்கப்பட்டால், அது முகமில்லாத திருடனுக்காக வாங்கப்பட்டது என்று நம்புவது கடினம். அச்சத்துக்கு இங்கே ஏற்கெனவே முகங்கள் வரையப்பட்டிருக்கின்றன. தெருப் பெயரும் ஊர்ப் பெயரும்கூட எழுதப்பட்டிருக்கின்றன. இருட்டில் கதவருகே அசையும் உருவத்துக்கு அந்த முகத்தை ஒட்டவைக்க ஒரு நொடி போதும்.

இருட்டைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருக்கிறது; இந்த வாதத்தின் மையமே அதுதான். திருடன் என்று நினைத்துக் கொன்றதால் நேர்ந்த பேரழிவின் கதையைக் காப்பியமாகவே வைத்திருக்கும் மொழி நம்முடையது. சிலப்பதிகாரத்தின் பாண்டியனுக்குக் காவலர் இருந்தார்கள், அவை இருந்தது, விசாரிக்க வேண்டிய அளவு நேரமும் இருந்தது. பட்டப்பகலில், ஒரு பொற்கொல்லனின் பேச்சை நம்பி அவன் ஆணையிட்டான். கொலைக்களத்தில் நடப்பதை இளங்கோ காட்டும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆளைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்று காவலர்கள் தயங்குகிறார்கள். பொற்கொல்லன் திருடர்களின் தந்திரங்களை அடுக்கி அச்சத்தை ஏற்றுகிறான். அப்போதும் மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தயக்கம், அச்சமூட்டும் பேச்சு, அவசரக் கை என்ற மூன்றும் ஒரு வீட்டுக்குள் நள்ளிரவில் ஒரே ஆளுக்குள்ளேயே நடக்கும். எதிரே நிற்பது குடித்துவிட்டு வீடு மாறி வந்தவனாக இருக்கலாம், சொல்லாமல் ஊருக்கு வந்த மகனாக இருக்கலாம், உதவி கேட்டு ஓடி வந்த பெண்ணாக இருக்கலாம். அதே காப்பியத்தில் சுருக்கமாக வரும் பொற்கைப் பாண்டியன் கதை இன்னும் நேரடியானது. இரவுக் காவல் சுற்றிய அரசன், வெளியூர் போயிருந்த கீரந்தையின் மனைவி இருந்த வீட்டில் ஆண்குரல் கேட்டுக் கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே இருந்தது திரும்பி வந்த கணவன்தான். கதவு தட்டி ஒரு குடும்பத்துக்கு அச்சம் தந்த குற்றத்துக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்டான் என்கிறது கதை. நம் கேள்விக்கு இந்தக் கதை கொடுக்கும் சாட்சியம் இதுதான்: அந்த இரவில் கதவுக்கு வெளியே நின்றவன் காவல்காரன், உள்ளே இருந்தவன் வீட்டுக்காரன், இருவருமே நல்லவர்கள், இருவருமே மற்றவனைத் திருடன் என்று நினைத்திருக்கக் கூடியவர்கள். கெட்டித்த துப்பாக்கி ஒன்று அந்த வீட்டில் இருந்திருந்தால் பாண்டிய நாடு தன் அரசனை இழந்திருக்கும். எமனேசுவரத்துத் தறிவீடுகளைப் போல் சுவரோடு சுவர் ஒட்டிக்கிடக்கும் தெருக்களில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. குறி தவறிய குண்டு நிற்கிற இடம் பக்கத்து வீட்டுத் தொட்டிலாகவும் இருக்கலாம்.

நம் தெய்வங்கள் ஆயுதம் ஏந்தியவைதாமே, ஆயுத பூஜை கொண்டாடுகிற மரபு ஆயுதத்தை வெறுக்கச் சொல்லுமா என்பது அடுத்த மறுப்பு. சொல்லாது. மதுரையிலிருந்து பரமக்குடிக்கு வரும் சாலையில் திருப்பாச்சேத்தி இருக்கிறது. அந்த ஊர்க் கொல்லர்கள் அடித்த அரிவாளுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பேர் உண்டு. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாக ஆளுயர அரிவாளைச் செய்து செலுத்துவதும் இந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் அந்த அரிவாள் எங்கே நிற்கிறது? ஐயனாரும் கருப்பும் முனியும் நிற்பது ஊரின் எல்லையில், கண்மாய்க் கரையில், வெட்டவெளியில், எல்லோர் கண்ணிலும் படும்படி. ஊரே பார்த்திருக்க நாட்டப்பட்ட ஆயுதம், தனி மனிதனின் கையிலிருந்து விலக்கிச் சாமியின் பொறுப்பில் விடப்பட்ட ஆயுதம். பொய்ச் சத்தியம் செய்தவன் தன்னைச் சேர்ந்தவனானாலும் கருப்பு விடமாட்டான் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வருகிறது. வீட்டுக்குள் இருக்கும் அரிவாளோ கருவேலம் வெட்டும், இளநீர் சீவும், சரஸ்வதி பூஜையன்று குங்குமம் வாங்கிக்கொள்ளும், அது தொழிற்கருவி. மனிதனைச் சுடுவதைத் தவிர வேறு வேலை தெரியாத ஒரு பொருளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அதற்குக் கருப்பசாமியைச் சாட்சிக்கு அழைப்பது முறையாகாது.

வரலாற்றைக் காட்டி வரும் மறுப்பைத்தான் நான் அதிக மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சீமையில் துப்பாக்கி இல்லாமல் போனது அகிம்சையால் அல்ல. 1799-இல் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பக்கம் மயிலப்பன் சேர்வைகாரர் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தார். 1801-இல் மருது சகோதரர்களின் போர் சேதுச் சீமையையும் சிவகங்கைச் சீமையையும் சேர்த்து உலுக்கியது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதுபாண்டியர் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், அரசு அனுமதித்தவை தவிர மற்ற எல்லா ஆயுதங்களையும் தென்பாளையங்களில் தடை செய்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. வெடிமருந்துத் துப்பாக்கியோடு வேலும் ஈட்டியும்கூடப் போயின. வளரி எறியும் கலையே மங்கிப்போனது. பிறகு 1878-இன் ஆயுதச் சட்டம் நாடு முழுவதையும் நிராயுதபாணியாக்கியது. ஆங்கில ஆட்சி செய்த தீமைகளில் மிகக் கரியதாக அந்தச் சட்டத்தை வரலாறு காணும் என்று எழுதியவர் காந்தி. கோழைத்தனத்துக்கும் வன்முறைக்கும் இடையே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் வன்முறையைத் தேர்ந்தெடு என்று 1920-இல் எழுதியவரும் அவரே. ஆகவே வீட்டுக்கொரு துப்பாக்கி என்பது பறிக்கப்பட்ட தன்மானத்தை மீட்பதாகாதா? குடகில் கொடவர்கள் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே உரிம விலக்குப் பெற்று, கைல்போது விழாவில் துப்பாக்கிக்குப் பூவைத்து வணங்கி வருகிறார்கள்; 2019-இல் மத்திய அரசு அந்த விலக்கை 2029 வரை நீட்டித்ததை 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏற்றது. அந்த வழக்கம் ஒரு குடியின் நிலவுரிமையோடும் குலவிழாவோடும் ஊர் அறிய நடப்பது. 1801-இல் பறிக்கப்பட்டதும் அதே போன்ற ஒன்றுதான்: கூடி நின்று எதிர்க்கும் வல்லமை. படுக்கையறைத் துப்பாக்கி அந்த வல்லமையைத் திருப்பித் தராது. கூட்டமாக அஞ்சாமல் இருந்தவர்களைத் தனித்தனியாக அஞ்சுகிறவர்களாக ஆக்கியதுதான் அந்தப் பிரகடனத்தின் ஆழமான வெற்றி. ஒவ்வொரு வீடும் தனக்குத் தனியே ஒரு துப்பாக்கியைத் தேடுவது அந்த வெற்றிக்கு நாம் தொடர்ந்து கட்டும் கப்பம். காந்தி சொன்ன துணிவும் ஆயுதத்தின் நீளத்தில் இல்லை, சாகத் துணிந்து எதிரே நிற்பதில் இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து முகம் தெரியாதவனைச் சுடுவதற்குத் துணிவு தேவைப்படுவதில்லை.

கிளைவின் பிரகடனத்துக்கு முன் இங்கே காவல் எப்படி நடந்தது என்பதும் இந்த விவாதத்துக்கு வேண்டியதே. பாடிகாவல் என்ற பெயரில் ஊர்க்காவலுக்கு வரி கொடுத்ததைப் பழைய கல்வெட்டுகளே சொல்கின்றன. பிற்காலத்தில் மறவர் சீமையிலும் கள்ளர் நாட்டிலும் காவல்காரர்கள் விளைச்சலில் பங்கு பெற்று ஊரைக் காத்தார்கள். அதில் ஓர் அருமையான நிபந்தனை இருந்தது: களவு போனதைக் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், மீட்க முடியாவிட்டால் ஈடு தர வேண்டும். ஆயுதம் வைத்திருக்கிறவன் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற நெறி அங்கே காசாகவும் தானியமாகவும் எழுதப்பட்டிருந்தது. அந்த முறையைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் முயலவில்லை. காவல்கூலி தராதவன் வீட்டில் மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி கொடுத்தால் அதே மாடு திரும்பி வருவதும் நடந்தன. காவலே கொள்ளையானதால் 1896 வாக்கில் மதுரைச் சீமையில் குடியானவர்கள் காவலுக்கு எதிராகவே கிளர்ந்தார்கள். அப்படிக் கெட்டுப்போனதும் எனக்குச் சான்றுதான். பதில் சொல்லும் கடமை அறுந்த இடத்தில் காவல் கெட்டது. அந்தக் கடமை தொடக்கத்திலேயே இல்லாத இடம், நள்ளிரவில் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் தனியார் துப்பாக்கி. 2011-இல் பரமக்குடியில் சுட்டவர்கள் சீருடை அணிந்தவர்கள், பகலில் சுட்டார்கள். ஆகவேதான் விசாரணை ஆணையம் கேட்க முடிந்தது, இன்றும் அது நியாயமா என்று ஊர் உரக்கக் கேட்க முடிகிறது. வீட்டுக்குள் நடக்கும் சூட்டுக்குச் சுட்டவர் ஒருவரே சாட்சி. செத்தவன் பேசமாட்டான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு மறுப்பு அசையாமல் நிற்கிறது; அதை எளிதில் கடந்துவிடக் கூடாது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டார்கள். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே வயதான தம்பதி அதேபோல் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட, முதியவர்கள் இருவர் மட்டும் தங்கும் வீடுகள் ராமநாதபுரம் மாவட்டத்திலும் ஏராளம். கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லாத அவர்களிடம் போய்த் தோஷம் பேசுவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அவர்கள் நிலையில் வைத்துப் பார்த்தால்தான் துப்பாக்கி தரும் உறுதி எவ்வளவு பொய்யானது என்பது புலப்படும். திட்டமிட்டு வருகிறவன், வீட்டில் யார் யார், எப்போது அயர்வார்கள் என்று பார்த்துவிட்டே வருகிறான். எழுபது வயதில், தூக்கக் கலக்கத்தில், கண்ணாடியைத் தேடி எடுத்து, ஈரத்தில் மருந்து கெட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு கருமருந்துத் துப்பாக்கியை நடுங்கும் கையால் நீட்டுபவருக்கு அது காப்பாகுமா? பெரும்பாலும் அது வந்தவன் கைக்கு மாறும் இன்னோர் ஆயுதம். மருந்தை வீட்டில் வைத்திருப்பதன் அபாயத்தைச் சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. திருடன் வராத ஆயிரம் இரவுகளிலும் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. குடும்பச் சண்டை முற்றும் இரவிலும், கடன் தாங்காமல் ஒருவர் மனமுடைந்து உட்கார்ந்திருக்கும் இரவிலும், பேரப்பிள்ளை பரணில் ஏறி விளையாடும் கோடை விடுமுறையிலும் அது அங்கேயே இருக்கும். தேர்தல் அறிவித்தவுடன் உரிமம் பெற்ற துப்பாக்கிகளையும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். பதற்றம் கூடும்போது துப்பாக்கி குறைய வேண்டும் என்பதை நிர்வாகம் அனுபவத்தால் அறிந்துவைத்திருக்கிறது. குடும்பங்களுக்குள் எழும் பதற்றத்துக்கு அப்படி யாரும் முன்கூட்டி அறிவிப்பு விடுவதில்லை.

அப்படியானால் அந்த முதியவர்களுக்குச் சொல்லும் பதில் என்ன என்றால், பதில் அவர்களிடமிருந்து வர வேண்டியது இல்லை, சுற்றியிருக்கும் நம்மிடமிருந்து வர வேண்டியது. தனியே இருப்பவரின் பாதுகாப்பை அவர் கையிலேயே ஒரு குழாயாகக் கொடுத்துவிட்டுப் போவது, ஊர் தன் கடனிலிருந்து நழுவும் வழி. இந்த மாவட்டத்துக்கு வேறு வழியும் தெரிந்திருந்தது. 1993-இல், ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் பொதுமக்களைக் காவல் பணியோடு இணைத்து ‘காவல்துறை நண்பர்கள்’ அமைப்பை இங்கேதான் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது மாநிலம் முழுவதும் விரிந்தது. ஆயுதமில்லாத சாதாரண மனிதர்கள் ரோந்து போனார்கள், தகவல் சொன்னார்கள், சண்டைகளை விலக்கினார்கள். 2020-இல் சாத்தான்குளக் காவல் சித்திரவதையில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் உயிரிழந்தபோது, அந்த அமைப்பைச் சேர்ந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்து, அரசு அதைத் தடை செய்தது. தடைக்கு நியாயம் இருந்தது. யாருக்கும் பதில் சொல்லாத கையில் தடி கிடைத்தாலும் அது துப்பாக்கியாகிவிடும். ஆனால் அதன் இடம் வெறுமையாகக் கிடக்கும் வரை, இரவில் தனியாக இருப்பவர் ஒவ்வொருவரும் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கத்தான் செய்வார். பீட் போலீஸ் எந்தெந்த வீட்டில் முதியவர்கள் தனியே இருக்கிறார்கள் என்ற பட்டியலோடு சுற்ற வேண்டும். கிராம சபையில் அந்தப் பட்டியலும் கடந்த மாதம் எத்தனை இரவு ரோந்து வந்தது என்ற கணக்கும் உரக்க வாசிக்கப்பட வேண்டும். வராத இரவுக்குக் காரணம் கேட்கத் தனியே இருக்கும் கிழவிக்கு உரிமை இருக்க வேண்டும். பழைய காவல்காரரிடம் காணாமல் போன மாட்டுக்கு ஈடு கேட்ட ஊர்களுக்கு இது புதிய கோரிக்கை இல்லை.